வெள்ளிக்கிழமைப் பாகற்காய்

இரண்டு கைகளும் கூடைக்குள் இறங்கி ஒரு பாகற்காயை அடியிலிருந்து ஏந்தி எடுத்தன. காம்பைப் பிடித்துத் தூக்கவில்லை. தூக்கினால் காம்பு கழன்றுவிடும்; கழன்ற இடத்திலிருந்துதான் அழுகல் ஆரம்பிக்கும். வலது கட்டைவிரல் காயின் முதுகில் ஒருமுறை மெல்ல ஓடியது. மேடுகள் முறிந்திருக்கின்றனவா, நுனி வெளிறியிருக்கிறதா, பூ உதிர்ந்த இடம் உலர்ந்திருக்கிறதா என்று விரலே பார்த்துக்கொண்டது. கண் அதற்குள் அடுத்த காய்க்குப் போயிருந்தது. நல்ல காய், தாள் விரித்த பெட்டிக்குள் பக்கத்துக் காயின் தலைக்குத் தன் காலைக் காட்டிப் படுத்தது. முதுகு முறிந்த காய் இடப்பக்கத்துப் பாக்குல் கூடைக்குப் போனது. அது உள்ளூர்ச் சந்தைக்கு.

அவை விமலாவின் கைகள். மலேசியாவில் காம்பார் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் பழகிய கைகள். ரப்பர் கையுறையில் காற்றை அடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஊசிமுனை அளவு ஓட்டையைக் கண்டுபிடிப்பது அங்கே அவள் வேலை. ஆள்குறைப்பு வந்தபோது வெளியே வந்தாள். வந்த இடமும் ரப்பருக்குச் சொந்தமான இடம்தான். பழைய தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட்ட கட்டடம் அது. தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிய பிறகு சும்மா கிடந்த அந்தக் கட்டடத்தை, சுற்றியுள்ள நிலத்தில் காய்கறி போடுகிறவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்துப் பெட்டி கட்டும் கொட்டகை ஆக்கியிருந்தார்கள். சுவரைத் தொட்டால் இன்னமும் விரலில் கரி ஒட்டும்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் இராமசாமி. பாகற்கொடிப் பந்தலுக்குள் குனிந்தே நடந்து பழகியதால் வெளியிலும் லேசாகக் குனிந்தே நடப்பார். கொட்டகைக்குள் குளிரறை கட்டியபோது அவர் ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதமாக இருந்தார். பிள்ளையார் படம் ஈசானிய மூலையில்தான் இருக்க வேண்டும். வடகிழக்கு மூலை எதுவென்று பார்த்தால் அது குளிரறைக்குள் போய் விழுந்தது. அதனால் பிள்ளையார் குளிரறைக்குள் குடியேறினார். ஒரு பலகை, ஒரு படம், முன்னால் ஒரு பித்தளைத் தட்டு.

"சாமிக்குக் குளிரப் போவுதுண்ணே," என்று அன்று யாரோ சொன்னார்கள்.

"கைலாசத்துல பொறந்தவருக்கு இதெல்லாம் ஒரு குளிராலா?" என்றார் இராமசாமி.

விமலா வேலைக்கு வந்த புதிதில் அவளை ஈப்போவில் நடந்த ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். பறித்த காய்கறி கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் பாடம். அதை நடத்திய சிவாஜினி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க வேலையில் இருந்த குடும்பத்தில் பிறந்தவர். எல்லாரையும் "நீங்கள்" என்றே அழைப்பார். அவர் மேசைமேல் ஒரு பாகற்காயை வைத்து, அதன்மேல் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு வாயைக் கட்டினார். தேநீர் இடைவேளை முடிந்து எல்லாரும் திரும்பி வந்தபோது பையின் உட்புறம் பனி படர்ந்திருந்தது.

"இது மூச்சு," என்றார் சிவாஜினி. "பறிச்சதோட காய் செத்துப் போச்சுதெண்டு நினைக்கிறோம். இல்லை. கொடியிலயிருந்து சாப்பாடு வரேல்ல, அவ்வளவுதான். தன்ர உடம்பில இருக்கிறதைச் சாப்பிட்டுக்கொண்டு மூச்சு விடுது. நாங்கள் செய்யிறதெல்லாம் அந்த மூச்சை மெதுவாக்கிறதுதான்."

விமலா அந்தப் பனியைப் பார்த்தபடி நின்றாள். எத்தனை காயை நறுக்கியிருக்கிறாள், உப்பில் பிசைந்து கசப்பைப் பிழிந்திருக்கிறாள். அத்தனையும் மூச்சு விட்டுக்கொண்டா இருந்தன?

கொட்டகைக்குத் திரும்பிய அன்றே, வெயிலில் பறித்துக் குவித்திருந்த காய்களின் நடுவே கையை நுழைத்துப் பார்த்தாள். ஓரத்தைவிட நடுவில் சூடு அதிகம். தூங்குகிற பிள்ளையின் கழுத்தடியில் கை வைத்தது போன்ற சூடு. கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றாள். இராமசாமி பார்த்துவிட்டு, "என்னாம்மா, மோதிரத்தத் தொலச்சிட்டியா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவள் கொட்டகையை ஒவ்வொன்றாக மாற்றினாள். காலை வெயில் ஏறுவதற்குள் பறிக்கச் சொன்னாள். பறித்ததை நிழலில் ஆறவிட்டுத்தான் பெட்டி கட்டினாள். காய்மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினாள். குளிரறையில் குளிரைக் கூட்டிக்கூட்டி வைத்துக் காயின் தோல் அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்த கதையும் நடந்தது. அதற்கு மேல் குளிர் ஆகாது என்று அதிலிருந்து கற்றுக்கொண்டாள். பழுக்கிற பழம் எதையும் குளிரறை வாசலைத் தாண்ட விடமாட்டாள். பழம் பழுக்கும்போது ஒரு வாயு விடும், அதன் பெயர் எத்திலீன், அது பட்டால் பாகற்காயும் பழுக்கப் பார்க்கும் என்று சிவாஜினி சொல்லியிருந்தார். ஷர்வின் என்ற இளம் விவசாயி ஒருநாள் பப்பாளியைக் கொண்டுவந்து, "கொஞ்ச நேரம்தாங்கா," என்று கெஞ்சினான். "கொஞ்ச நேரம் போதும்டா அதுக்கு," என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

வார நாட்களில் பறித்த காய் அன்றன்றே ஈப்போ பாசாருக்கு, மொத்தச் சந்தைக்கு, போய்விடும். வெள்ளிக்கிழமைப் பறிப்பு மட்டும் தனி. அது ராத்திரி குளிரறையில் இருந்து, சனிக்கிழமை லோரி ஏறி, சிங்கப்பூர் போகும். ஈப்போவில் மொத்த வியாபாரம் செய்யும் சாத்தப்பன் அண்மையில்தான் பிடித்துக் கொடுத்த வழி அது. குளிரறையை ஓட்டுவதே அந்த லோடுதான். அது நின்றால் குளிரறையை அணைத்துவிட வேண்டியதுதான். பிறகு பழையபடி பறித்ததைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு, தள்ள முடியாததைக் குழி தோண்டிக் கொட்ட வேண்டும். குழியில் கொட்டிய காலத்தை இராமசாமி பேசவே மாட்டார். பேச்சு அந்தப் பக்கம் போனால் எழுந்து போய்விடுவார்.

கேடு வந்தது அந்த லோடுக்குத்தான்.

லோரி ஓட்டும் ராஜு ஒரு திங்கட்கிழமை வந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தான். "அக்கா, ஒங்க பாவக்காய்க்கு வெள்ளிக்கெழமயானா மஞ்ச தேச்சுக் குளிக்கிற பழக்கம் இருக்குலா. இங்க ஏத்தறப்ப பச்சயா இருக்கு. அங்க எறக்கிப் பாத்தா கல்யாணப் பொண்ணு மாரி நிக்குது."

"வெளையாடாத ராஜு."

"வெளையாடல. அந்தக் கடக்காரரு மூஞ்சியப் பாத்திருந்தா தெரியும்."

கைப்பேசியில் படம் காட்டினான். பச்சை முதுகுகளுக்கு நடுவே மஞ்சள் திட்டுகள். இரண்டு மூன்று காய்கள் நுனியில் வாய் பிளந்திருந்தன.

சிங்கப்பூர் எல்லைப் பாலத்தில் லோரி நெடுநேரம் காத்துக் கிடப்பதால்தான் என்றார்கள். விமலா லோரிக்குள் காற்றோட்டம் போகும்படி பெட்டிகளை மாற்றி அடுக்கினாள். அடுத்த வாரமும் மஞ்சள். முற்றிய காயாக இருக்கும் என்றார்கள். இளசாகப் பார்த்துப் பறிக்கச் சொன்னாள். மறுபடியும் மஞ்சள். சாத்தப்பனே கூப்பிட்டார்.

"விமலா, நா கோவத்துல பேசல. நீங்க சுத்தமா வேல செய்யிறீங்கன்னு தெரியும். ஆனா கடக்காரன் எங்கிட்டத்தான கேக்குறான்? இன்னும் ரெண்டு சனிக்கெழம பாக்குறேன். சரிப்படலேன்னா வேற எடத்துல எடுத்துக்குவேன். மனசுல வச்சிக்காதீங்க."

"வச்சிக்க மாட்டேண்ணே," என்றாள் விமலா. ஆனால் அன்று முழுவதும் அவள் கை தொட்ட காயையே திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தது. கையுறையில் ஓட்டை இருந்தால் காற்று வந்து கன்னத்தில் படும். இந்த ஓட்டை எங்கே இருக்கிறது?

செய்தி கேட்டு மாயாண்டி வந்தார். இராமசாமிக்கு மச்சான் முறை. வாழையும் பாகலும் போட்டிருந்தார். எதையும் உரக்கத்தான் பேசுவார்.

"இது கண்ணுதான். சிங்கப்பூரு சிங்கப்பூருன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம்ல? வெள்ளிக்கெழம பூசைய என்னா பண்றீங்க? ஒரே ஒரு சீப்பு, ஒரு சாம்பிராணி. அதான் பத்தல. பெருசா பண்ணணும்."

அந்த வெள்ளிக்கிழமை பூசை பெரிதாகத்தான் நடந்தது. மாயாண்டியே தம் தோட்டத்திலிருந்து நன்றாகக் கனிந்த பிசாங் மாஸ் வாழைத்தார் ஒன்றை முழுசாக வெட்டிக் கொண்டுவந்தார். பலாச் சுளை, சப்போட்டா, கொய்யா. பித்தளைத் தட்டு போதாமல் வாழையிலை விரித்தார்கள். சாம்பிராணிப் புகையில் குளிரறை நிறைந்தது. விமலாதான் பழங்களை அழகாக அடுக்கினாள். விழுந்து கும்பிட்டாள். சாமி நிதானமாகச் சாப்பிடட்டும் என்று எப்போதும்போல் படையலை அப்படியே விட்டு, கதவைச் சாத்தி, காய்களையும் பிள்ளையாரையும் ராத்திரி முழுவதும் சேர்ந்திருக்க விட்டார்கள்.

அந்த லோடு போல் எதுவும் கெட்டதில்லை. பெட்டியைத் திறந்தபோது பாதிக்கு மேல் மஞ்சள் என்று ராஜு தொலைபேசியில் சொன்னான். இந்த முறை அவன் கேலி செய்யவில்லை. "அக்கா, என்னான்னே தெரியலக்கா," என்று மட்டும் சொன்னான்.

சாத்தப்பன் கொடுத்த இரண்டில் ஒன்று போய்விட்டது.

மறுநாள் மாயாண்டி இன்னொரு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். சந்தைக்குப் போக வண்டி பிந்துகிறது, வெயிலுக்குக் கொஞ்சம் குளிரறையில் வைக்கலாமா என்று கேட்டார்.

"பழம் உள்ள வரக்கூடாதுண்ணே," என்றாள் விமலா. குரலில் எரிச்சல் இருந்தது. "எத்தன வாட்டி சொல்றது?"

மாயாண்டிக்கும் ரோசம் வந்தது. "ஆமாம்மா, எம்பழம்னா ஆகாது. அந்தா உள்ள தாரு தாரா அடுக்கி வச்சிருக்கியே, அது என்னா மரக்கட்டையா? சாமிக்குன்னா சட்டம் இல்லியோ?"

விமலா கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள்.

குளிரறைக் கதவைத் திறந்தாள். குளிரோடு சேர்ந்து, இன்னும் எடுக்காத படையலின் கனிந்த வாழைப்பழ வாசம் முகத்தில் அறைந்தது. வெள்ளிதோறும் சனிதோறும் அதே வாசத்துக்குள்தான் நுழைந்திருக்கிறாள். பூசை வாசம் என்று மனம் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தது. ஷர்வினின் பப்பாளி பழம். மாயாண்டியின் தார் பழம். ஆனால் தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டிய கணமே அது பழமாக இருப்பதை விட்டுவிட்டது, சாமியுடையதாகிவிட்டது. அதைப் பழம் என்று அவள் கண் எண்ணவே இல்லை. கொட்டகையில் யார் கண்ணும் எண்ணவில்லை.

"என்னாம்மா, அடிச்சா மாரி நிக்கிற?" என்றார் மாயாண்டி. குரல் இறங்கியிருந்தது. "நா சும்மா வாய்க்கு வந்தத..."

"இல்லண்ணே," என்றாள் விமலா. "நல்லாச் சொன்னீங்க. ரொம்ப நல்லாச் சொன்னீங்க."

சிவாஜினியைக் கூப்பிட்டு விவரம் சொன்னாள். மறுமுனையில் அவர் நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "ஐயோ விமலா," என்றார். "அந்தச் சின்ன அறைக்குள்ள அவ்வளவு பழமெண்டால், காயைப் பழுக்க வைக்க அதுவே காணும். சாம்பிராணிப் புகையிலயும் அந்த வாயு இருக்கு. நான் வகுப்பில பழம் பழமெண்டுதான் சொன்னனான். படையலெண்டு சொல்ல எனக்கும் தோணேல்லையே. எங்கட வீட்டுச் சாமியறையும் சமையற்காய் வைக்கிற அறையும் ஒண்டுதான்." இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்த பிறகு, "உங்கட ஆட்களுக்குச் சொல்லாதீங்கோ, காட்டுங்கோ," என்றார்.

சொல்வது உண்மையிலேயே கடினமாகத்தான் இருந்தது. இராமசாமி முகம் கறுத்தார்.

"சாமிக்கு வச்ச படையல் நம்ம வயித்துல அடிக்கும்ங்கிறியா? வாழப்பழம் வாயத் தொறந்து பாவக்காகிட்டப் பேசிச்சாக்கும்?"

"பேசிச்சாண்ணே, இல்லியான்னு நீங்களே பாருங்க. ஒரே கொடியில ரெண்டு காயி நீங்களே பறிச்சுக் குடுங்க."

அவரே போய்ப் பந்தலுக்குள் குனிந்து, அடுத்தடுத்த கணுவில் தொங்கிய இரண்டு காய்களைப் பறித்து வந்தார். ஒன்றைப் போலவே இன்னொன்று. மீன் வரும் வெள்ளைத் தெர்மக்கோல் பெட்டிகள் இரண்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள் விமலா. ஒரு பெட்டியில் காய் மட்டும். இன்னொன்றில் காயும், அதைத் தொடாமல் எதிர் மூலையில் கனிந்த வாழைப்பழச் சீப்பும். இரண்டையும் கொட்டகையின் ஒரே நிழலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். யாரும் திறந்துவிடக் கூடாது என்று மாயாண்டி தம் துண்டாலேயே இரண்டையும் சேர்த்துக் கட்டி, வீட்டுக்குப் போகும்போது துண்டில்லாமல் போனார்.

சில நாள் கழித்துப் பெட்டிகளைத் திறந்த அன்று கொட்டகையில் வேலை நின்றது. இராமசாமி முதல் மூடியை எடுத்தார். காய் மட்டும் இருந்த பெட்டி. பறித்தபோது இருந்த பச்சை அப்படியே இருந்தது. இரண்டாவது மூடியை எடுத்தார்.

காய் தங்க நிறமாக இருந்தது. நுனி மூன்று இதழாகப் பிளந்து பின்னால் மடங்கியிருந்தது. உள்ளே ரத்தச் சிவப்பில் நனைந்த விதைகள் கற்கள் பதித்த நகைபோல் பளபளத்தன. வாழைப்பழம் எதிர் மூலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒன்றை ஒன்று தொட்டிருக்கவில்லை.

இராமசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். பச்சைக் காயை ஒரு கையிலும் மஞ்சள் காயை ஒரு கையிலும் எடுத்து மாறி மாறிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் பாகற்காயோடு வாழ்ந்தவர். முகர்ந்து பார்த்தார். வெறும் பெட்டிக்குள் கையை விட்டு, அங்கே ஏதாவது அகப்படுமா என்பதுபோல் துழாவினார்.

"எது வழியாம்மா போச்சு?"

"காத்து வழியாண்ணே."

"கண்ணுக்குத் தெரியாம."

"தெரியாம."

"கூப்பிட்டிருக்கு," என்றார் இராமசாமி மிக மெதுவாக. "நா பழுத்துட்டேன், நீயும் வான்னு பழம் கூப்பிட்டிருக்கு. காது, வாய் ஒண்ணும் கெடயாது. இது கேட்டுக்கிட்டுப் போயிருக்கு பாரேன்." அவர் கண் கலங்கியிருந்தது. படையல்மேல் பழி வந்ததற்காக அல்ல என்று விமலாவுக்குத் தெரிந்தது. பயிற்சி மேசையில் பனி படர்ந்த பையைப் பார்த்த அன்று அவளும் இப்படித்தான் நின்றாள்.

"அப்ப நா கொண்டாந்த தாரு," என்றார் மாயாண்டி, தலையைச் சொறிந்துகொண்டு, "மைக்கு வச்சுக் கூப்பிட்டிருக்கு!"

கொட்டகையே சிரித்தது. இராமசாமியும் சிரித்தார்.

பிள்ளையாரை எங்கே வைப்பது என்பதுதான் பிறகு கேள்வி. மூலையை மாற்றக் கூடாது என்றார் இராமசாமி. ராத்திரி யோசித்து வந்து, ஈசானிய மூலையைக் கட்டடத்துக்குப் பார்த்ததுதான் தப்பு, மனைக்கு அல்லவா பார்க்க வேண்டும் என்றார். மனையின் வடகிழக்கு, முன்பு காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குத் தோட்டத்து ஆட்கள் நின்ற வெட்டவெளியில் போய் விழுந்தது. அங்கே தகரக் கூரை போட்டு ஒரு மாடம் எழும்பியது.

"சாமிக்கு இப்பத்தான் வெயிலு படுது. சளி தீந்துரும்," என்றார் மாயாண்டி.

அந்த வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை திறந்த வெளியில் எழுந்து செம்பனைகளுக்கு மேலே கலைந்து போனது. படைத்த பழத்தை அங்கேயே எல்லாரும் பகிர்ந்து தின்றார்கள். தோலைக்கூட விமலா கொட்டகைப் பக்கம் வர விடவில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னாள். இராமசாமி முதல் ஆளாய்ப் போய்க் கழுவினார். பிறகு அவள் பெட்டி கட்ட உட்கார்ந்தாள். கைகள் இறங்கின, ஏந்தின, தடவின, படுக்கவைத்தன. கதவைச் சாத்துமுன் அடுக்கிய பெட்டிகளின் நடுவே கையை நுழைத்துப் பார்த்தாள். இளஞ்சூடு ஆறிக்கொண்டிருந்தது. மூச்சு மெதுவாகிக்கொண்டிருந்தது. அவள் தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு சிறிது நேரம் நின்றாள்.

சனிக்கிழமை ராஜு வந்து ஏற்றினான். "இன்னிக்கிக் குளிக்கலியாக்கா?" என்றான். விமலா பதில் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று மாயாண்டி முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

சிங்கப்பூரில் லோரி நின்றதும் ராஜு கைப்பேசியில் முகம் காட்டிக் கூப்பிட்டான். கொட்டகையில் விமலாவின் தோளுக்குப் பின்னால் இராமசாமியும் மாயாண்டியும் எட்டிப் பார்த்தார்கள். ராஜு கைப்பேசியைத் திருப்பினான். கடை விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் அவள் கட்டிய பெட்டி. ஒரு கத்தி நாடாவை அறுத்தது. தாள் விலகியது.

பச்சை. ஓரம் முதல் ஓரம் வரை, தலைமாற்றிப் படுத்திருந்தபடியே, பச்சை.

முகம் தெரியவில்லை, கடைக்காரரின் கைகள் மட்டும் தெரிந்தன. வயதான, நரம்போடிய கைகள். அவை பெட்டிக்குள் இறங்கி, ஒரு காயைக் காம்பைத் தொடாமல் அடியிலிருந்து ஏந்தி எடுத்தன. கட்டைவிரல் அதன் முதுகில் ஒருமுறை மெல்ல ஓடியது. காயைத் திரும்ப அதே இடத்தில் படுக்கவைத்து, தாளை மூடி, இரண்டு கைகளாலும் பெட்டியை ராஜுவிடமிருந்து வாங்கிக்கொண்டார்.